பாவுக்கு அடியில் ஒரு மோட்டார் சைக்கிள்

ஸ்ரீபாலன் தன் மோட்டார் சைக்கிளைக் கிளப்புவதற்கு முன்னால் இரண்டு சக்கரத்துக்கும் அடியில் குனிந்து பார்ப்பான். காற்று இருக்கிறதா என்று பார்ப்பதாகத்தான் முதலில் நினைத்தேன். இல்லை, எறும்பு இருக்கிறதா என்று பார்க்கிறான். இருந்தால் வாயால் ஊதுவான். ஊதியும் போகாவிட்டால் வண்டியை ஒரு முழம் பின்னால் இழுத்து, அங்கேயும் குனிந்து பார்ப்பான். பத்து மணிக்குத் தாலுக்கா ஆபீசில் கையெழுத்துப் போடவேண்டிய நான், பின் சீட்டில் ஏறுவதற்காக ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நிற்பேன்.

"அதுக்கு நம்மளவிட நாலு காலு கூட இருக்குது, ஓடிக்கும். நீ கெளம்புய்யா" என்பேன்.

"அதுக்கு எங்க போறதுன்னு தெரியல, பாவம். உனக்குத்தான் ஆபீசு எங்க இருக்குதுன்னு தெரியுமே, நடந்து போ" என்பான்.

இப்படிப்பட்டவனைத்தான் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறான் என்று எங்கள் தெரு சொன்னது. இத்தனை வருஷம் கழித்து அதை நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. சொன்னவர்களில் பாதிப்பேர் என் சொந்தக்காரர்கள். அவர்களைப் பற்றி எழுதுவதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

ஸ்ரீபாலனுக்குச் சொந்த ஊர் காஞ்சிக்குப் பக்கத்திலிருக்கும் திருப்பருத்திக்குன்றம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற சமணக் குடும்பம். நயினார் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். மூன்றாவது பிள்ளையான அவனுக்கு ஏர் பிடிக்க வரவில்லை. பத்தாம் வகுப்பு முடித்ததும் சென்னைக்குப் போய், எரிந்துபோன மின்சார மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டும் கடையில் நாலு வருஷம் இருந்து தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினான். அப்போதுதான் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் கரண்ட் வந்துகொண்டிருந்தது. கிணற்றுக்குக் கிணறு பம்ப் செட். வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் மோட்டார் புகைந்துவிடும். பயிர் காய ஆரம்பித்தால் குடியானவன் அழுதுகொண்டு ஓடிவருவான். அந்த ஓட்டத்துக்குப் பஸ்ஸை நம்பமுடியாது. ஐயம்பேட்டைக்குக் காலையில் போன பஸ் திரும்பி வருமா என்று டிரைவருக்கே தெரியாத காலம்.

அதனால் 1966இல் சென்னையில் ராணுவ ஏலத்தில் ஒரு பழைய பி.எஸ்.ஏ. வண்டியை எடுத்தான். பச்சைப் பெயின்டைச் சுரண்டிக் கறுப்பு அடித்தான். பின்னால் இரும்புக் கேரியர் வைத்து மோட்டாரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போவான். அடுத்த வருஷம் அஞ்சனாவைக் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குக் குடிவந்தான். முன்னறை கடை, பின்னறை வீடு. எங்கள் தெருவில் நூல் சுற்றாத வீடு கிடையாது. அவனும் சுற்றினான், செம்புக் கம்பியை.

அந்த வீடு எட்டுத் தெருச் சபைக்குச் சொந்தம். நெசவாளர் தெருக்கள் எட்டுக்கும் சேர்த்து அந்தச் சபைதான் பெரிய வீடு மாதிரி. குழாயடிச் சண்டை முதல் கோயில் பந்தல்வரை எல்லாம் அங்கேதான் பேசித் தீர்ப்பார்கள். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்று சொல்லி அந்தச் சபையின் தீர்மானப் புத்தகத்தை என் தலையில் கட்டியிருந்தார்கள். ஆதிகேசவன் என்ற என் பெயருக்குக் கீழே 'சபை எழுத்தர்' என்று போட்டுக்கொள்ளலாம். சம்பளம் கிடையாது, ஆடிக்கு ஒரு வேட்டி உண்டு.

புதிதாக வந்தவர்களைப் பற்றித் தெருவுக்கு இரண்டு விஷயம் புரியவில்லை. ஒன்று, பட்டு நெய்கிற தெருவில் குடியிருந்துகொண்டு அஞ்சனா பட்டே கட்டுவதில்லை. புழுவைக் கொன்று எடுத்த நூல் என்று அவர்கள் வீட்டில் வழக்கம் இல்லை. இன்னொன்று, பொழுது சாய்வதற்கு முன்பே புருஷனும் பெண்டாட்டியும் சாப்பிட்டுக் கை கழுவிவிடுவார்கள். இருட்டினபிறகு பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. விளக்கைத் தேடி வருகிற பூச்சி எதுவும் சோற்றில் விழுந்து சாகக்கூடாது என்பது அவர்கள் நெறி. தெரு அதையெல்லாம் கேட்டு விசாரிக்கவில்லை. கரண்ட் பில்லுக்குப் பயந்து வெளிச்சத்திலேயே சாப்பிடுகிறார்கள் என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டது.

அதே பூச்சிக்காக அவன் இருட்டில் வண்டியும் ஓட்டமாட்டான். ஹெட்லைட்டில் மோதிச் சாகுமாம். வேலை இழுத்துவிட்டால் போன ஊரிலேயே படுத்து, விடிந்ததும்தான் கிளம்புவான். இது எனக்கு மட்டும் தெரியும்.

எங்கள் தெருவுக்கும் ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுவார்கள். மூன்று புடவைக்கான நெடுக்கு நூல் அத்தனையும் ஒன்றாக, அறுபது அடி நீளத்துக்கு, குறுக்கே கோல்கள் செருகி, மூங்கில் கவைகள்மேல் இடுப்பு உயரத்தில் நடுத்தெருவில் நிற்கும். இரண்டு முனையையும் முளையில் இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, நீவி, சிக்கெடுத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடவேண்டும். அந்த நேரத்தில் சைக்கிளில் வருகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவான். கல்யாண ஊர்வலமாக இருந்தாலும் காத்து நிற்கும்.

1969 மாசி மாதம் ஒரு காலை. முனிரத்தினம் எலுமிச்சை மஞ்சளில் பாவு நீட்டியிருந்தார். கல்யாணப் பெண்ணுக்கான புடவை. எங்கள் தெருவிலேயே கை சுத்தமான நெசவாளர் அவர், வாயும் அதே அளவுக்குக் கூர்மை. அவர் மனைவி கிருஷ்ணவேணி கஞ்சிச் சட்டியோடு பாவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. கேட்டுத் திரும்புவதற்குள் ஸ்ரீபாலனின் வண்டி முக்கில் திரும்பி நேராகப் பாவின் முனையில் புகுந்துவிட்டது. கிளட்சுக் கம்பியில் மாட்டிக்கொண்டு நானூறு இழை அறுந்தது. மீதி இழையில் புகைக்கரி அப்பிக்கொண்டது. அவன் வண்டியோடு சாய்ந்து கஞ்சிச் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்தான்.

அறுந்த பாவைப் பார்த்துக் கிருஷ்ணவேணி வைத்த ஒப்பாரிக்கு எட்டுத் தெருவும் கூடிவிட்டது. முனிரத்தினம் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

"கண்ணு தெரியல? இன்னாய்யா குடிச்சிட்டு வரே காலங்காத்தால?"

"இல்லிங்க. தப்பு என்னுதுதான்."

"எங்கேர்ந்து வரே?"

"தப்பு என்னுதுதானுங்க" என்று அதையே திரும்பச் சொன்னான். நிற்கக்கூட முடியாமல் தள்ளாடினான். தள்ளாடினதைத் தெரு பார்த்தது. மதுவிலக்கு இருந்த காலம்தான், ஆனால் கிராமத்துப் பக்கம் போனால் எல்லாம் கிடைக்கும் என்பதும் தெருவுக்குத் தெரியும். அன்று மத்தியானத்துக்குள் நயினார் சாராயம் குடித்த கதை கச்சபேஸ்வரர் கோயில்வரை போய்விட்டது.

அன்றிலிருந்து மூன்று நாள் அவன் கடையைத் திறக்கவில்லை. முனிரத்தினத்தின் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அறுந்த இழைகளைக் கிருஷ்ணவேணியோடு சேர்ந்து ஒவ்வொன்றாகப் பிணைத்தான். விரலில் சாம்பல் தொட்டு இரண்டு நுனியையும் முறுக்கி இணைக்கும் வேலை அது. தலைமயிர் மாதிரி செம்புக் கம்பி கட்டிப் பழகிய விரல் என்பதால் இரண்டாம் நாளே கிருஷ்ணவேணியின் வேகத்துக்கு வந்துவிட்டான். பட்டைத் தொடாத வீட்டுப் பிள்ளை அதைச் செய்கிறானே என்று எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. புகைக்கரி பட்ட இடம் கடைசிவரை போகவும் இல்லை. அந்தப் பாவை மறுபடி சாயத்தில் முக்கிக் கிளிப்பச்சையாக்கித்தான் நெய்தார்கள். எலுமிச்சை மஞ்சள் கேட்ட கல்யாண வீட்டுக்கு வேறு யாரோ நெய்து கொடுத்தார்கள்.

நாலாம் நாள் தெருமுனையில் சபை ஒரு பலகையை நட்டது. 'நெசவாளர் தெருக்களில் மோட்டார் சைக்கிள் எந்நேரமும் வரக்கூடாது.' வாசகம் எழுதிக்கொடுத்தது நான்தான். சபைத் தலைவர் கண்ணாயிரம் சொல்லச் சொல்ல எழுதினேன், எழுதிவிட்டுப் பேனாவை உடைக்கலாமா என்று இருந்தது. அடுத்த மாதக் கூட்டத்தில் இதை நிரந்தரத் தீர்மானமாக்குவதென்றும், ஆட்சேபணை இருப்பவர்கள் அங்கே வந்து பேசலாமென்றும் முடிவாயிற்று. தீர்மானம் நிறைவேறினால் ஸ்ரீபாலனுக்கு இரண்டே வழிதான். வண்டியை விடவேண்டும், அல்லது வீட்டை விடவேண்டும். வண்டியை விட்டால் தொழில் போயிற்று. வீட்டை விட்டால், குடிகாரன் என்ற பெயரோடு வெளியே போகவேண்டும்.

வேறொருவனாக இருந்தால் தலைவரின் காலைப் பிடித்திருப்பான். இவன் சங்கம் ஆரம்பித்தான்.

'காஞ்சி மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் சுதந்திரச் சங்கம்.' உறுப்பினர் ஒருவர்கூடச் சேராத நிலையிலேயே ரப்பர் ஸ்டாம்பு செய்துவிட்டான். அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் அஞ்சனாவும் உள்ளேயிருந்து சிரித்தாள். எங்கள் எட்டுத் தெருவுக்குள் மோட்டார் சைக்கிளில் வந்துபோகிறவர்கள் அவனைச் சேர்த்து ஏழு பேர். வீடு வீடாகப் போய் ஆறு பேரிடமும் கையெழுத்து வாங்கினான். முதல் கையெழுத்து முனிசாமியுடையது. தென்னேரி ஏரியிலிருந்து மீன் கொண்டுவந்து தெருத்தெருவாக விற்கிறவன். யாரோ கழித்துப்போட்ட வண்டி ஒன்றுக்கு ஸ்ரீபாலன்தான் உயிர் கொடுத்து அவனுக்குக் கொடுத்திருந்தான். வெங்காயம்கூடச் சேர்க்காத வீட்டில் மீன்காரன் சங்கத்தின் உதவித் தலைவர். கூட்டத்துக்கு வரும்போது கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முனிசாமி தவிப்பான். "காத்து எதிர்ப்பக்கம் அடிக்குது, அங்க வெச்சிட்டு வாப்பா" என்று ஸ்ரீபாலன் சொல்வான்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கண்ணாயிரம் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் போயிருந்தேன். தலைவர் கெட்டவர் அல்ல. அவர் நிலத்து மோட்டாரும் இரண்டு தடவை எரிந்து ஸ்ரீபாலன்தான் கட்டிக்கொடுத்திருக்கிறான்.

"நயினாரே, உனக்கு மட்டும் ஒரு பாஸ் எழுதித் தரச் சொல்றேன். நீ வந்துபோய்க்கினு இரு. சங்கம் கிங்கம்லாம் வேணாம்."

"முனிசாமிக்கு?"

"மீன்காரனுக்கு எதுக்குய்யா பாஸு?"

"எனக்கு எதுக்குங்க குடுக்கறீங்க?"

"நீ மோட்டாரு ரிப்பேர் பண்றே. தேவப்படுற ஆளு."

"அப்ப வேணாங்க. நாளைக்கு உங்களுக்கு நான் தேவப்படலன்னா பாஸ வாங்கிக்கினு போயிடுவீங்க. பாஸ் குடுத்து வர்றதுக்குப் பேரு சலுகை. நான் கேக்கறது அது இல்ல."

வெளியே வந்ததும் அவனைக் கண்டபடி திட்டினேன். கையில் கொடுத்ததை வேண்டாம் என்கிற முட்டாளை நான் பார்த்ததில்லை என்றேன். அவன் சக்கரத்துக்கு அடியில் குனிந்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் பஜனை மடத்தில் சனிக்கிழமை நாலு மணிக்கு. சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று நம்பி ஸ்ரீபாலன் மத்தியானம் ஏதோ கொறித்துவிட்டு வந்தான். ஆனால் குழாயடிச் சண்டை ஒரு மணி நேரம், பந்தல்காரன் விவகாரம் ஒரு மணி நேரம். நான் புத்தகத்தில் எழுதிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்று ஜாடை காட்டினேன். நான் போன நேரத்தில் கூப்பிட்டுவிட்டால் என்று அவன் பதிலுக்கு ஜாடை காட்டினான். இருட்டி, மடத்தில் விளக்குப் போட்ட பிறகுதான் மோட்டார் சைக்கிள் விஷயம் வந்தது.

அவன் எழுந்தான். கையில் எழுதிவைத்திருந்த காகிதத்தைப் பார்க்கவே இல்லை.

"ஐயா, நான் பண்ணது தப்பு. எனக்குத் தண்டனை குடுங்க, வாங்கிக்கறேன். மீதி ஆறு பேரு இன்னா பண்ணாங்க? சைக்கிள்காரன் எறங்கித் தள்ளிக்கினு போறான், அவனுக்குப் பலகை இல்ல. கட்ட வண்டி மாடு பாவு பக்கத்துலயே சாணி போடுது, மாட்டுக்குப் பலகை இல்ல. மொதலாளி காரு வந்தா நீங்களே பாவச் சுருட்டிக்கினு ஓரமா நிக்கறீங்க. எங்களுக்கு மட்டும் பலகை. ஏன்னா நாங்க ஏழே பேரு." தொண்டை கட்டி இருமினான். "தெரு நெய்யறவனுக்கும் வேணும், வண்டியில போறவனுக்கும் வேணும். எப்படிப் போவணும்னு சொல்லுங்க, கேட்டுக்கறோம். போவவே கூடாதுன்னு சொல்லாதீங்க."

யாரோ ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார்கள். வேண்டாம் என்று தலையாட்டினான். மறுபடி இருமல். தலைவரே ஒரு கலர் சோடா வரவழைத்து நீட்டினார். அதையும் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டான். முகம் வாடி, உதடு உலர்ந்திருந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "யோவ், நயினாரு உண்ணாவெரதம் இருக்கறாருய்யா!"

அந்த வருஷங்களில் உண்ணாவிரதம் என்றாலே எல்லாருக்கும் பயம். போலீஸ் வரும், பத்திரிகைக்காரன் வருவான், நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் சபைக்குத்தான் பழி. கண்ணாயிரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாத்துக்குய்யா இதெல்லாம்? பேசித் தீத்துக்கலாம். பலகைய எடுத்துடலாம்னு எழுதிக்கய்யா ஆதிகேசவா."

என் கையில் பேனா. ஜெயித்துவிட்டோம். ஸ்ரீபாலன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பக்கத்தில் நின்றிருந்த அவன் தொடையைப் பலமாகக் கிள்ளினேன். பேசாதே என்று அர்த்தம். இரண்டு வருஷமாகப் பின் சீட்டில் போகிறவனுக்கு அந்த உரிமைகூடவா இல்லை?

"இல்லிங்க" என்றான் அந்தப் புண்ணியவான். "நான் உண்ணாவெரதம் இல்லிங்க. பொழுது போனா நாங்க தண்ணிகூடக் குடிக்கமாட்டோம். எங்க ஊட்டு வழக்கம். அவ்ளோதான். இதுக்காகப் பலகைய எடுக்காதீங்க, நான் சொன்னது நியாயம்னு பட்டா எடுங்க."

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் மடம் மொத்தமும் சிரித்தது. கண்ணாயிரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அடச்சீ, அப்ப பழைய தீர்மானத்தயே எழுதுய்யா" என்றார். நான் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன். எழுதமாட்டேன் என்று சொல்லுகிற தைரியம் எனக்கு வந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்கு வேலை வைக்காமல் முனிரத்தினம் எழுந்தார்.

"இரு, இரு. பொழுது போனா தண்ணிகூட இல்லியா?"

"இல்லிங்க."

"அப்ப அன்னிக்குக் காலையில நீ எங்கேர்ந்து வந்தே? இப்பவாச்சும் சொல்லு."

ஸ்ரீபாலன் தலை குனிந்துகொண்டான். முனிரத்தினம் விடவில்லை. பல்லைப் பிடுங்குகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிடுங்கித்தான் கதை வெளியே வந்தது. முசரவாக்கத்தில் தர்மன் என்கிற குடியானவரின் மோட்டார் எரிந்துவிட்டது. கதிர் வாங்குகிற பயிர். காலையில் போனவன் மத்தியானம்கூடச் சாப்பிடாமல் கிணற்றடியிலேயே உட்கார்ந்து காயில் கட்டியிருக்கிறான். தண்ணீர் வாய்க்காலில் விழும்போது இருட்டிவிட்டது. தர்மனின் மனைவி பூவம்மாள் சுடச்சுடச் சோறு போட்டுக் கெஞ்சியிருக்கிறாள். தொடவில்லை. அங்கேயே படுத்து, கீழ்வானம் வெளுத்ததும் கிளம்பியவன், வீட்டுக்குப் போனால் சாப்பிடலாம் என்ற ஒரே நினைப்பில் வந்திருக்கிறான். முதல் நாள் காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. தள்ளாடியது அதனால்தான்.

முனிரத்தினத்தின் முகம் என்னமோ மாதிரி ஆகிவிட்டது.

"மூணு நாளு எங்க ஊட்டு வாசல்ல குந்திக்கினு இழை முடிஞ்சியே. அப்ப சொல்றதுக்கு இன்னாய்யா?"

"பசின்னு சொன்னா அறுந்தது சரியாப் பூடுமாங்க?"

முனிரத்தினம் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். குடிகாரன் என்று சொன்னவர்கள் எல்லாரும் அந்த மடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள், அவர் உட்பட. "நான் சொன்னதுதான் மொதல்ல தப்பு" என்றார். அதைச் சத்தமாகச் சொன்னார். பிறகு தலைவர் பக்கம் திரும்பினார்.

"பாவு என்னுது. அறுந்ததும் என்னுது. நான் சொல்றேன், எழுதிக்கய்யா. பாவு இருக்கற நேரத்துல தெருமொனையிலயே எறங்கி, இஞ்சின நிறுத்தி, தள்ளிக்கினு போவணும். மத்த நேரத்துல எல்லாரும் ஓட்டலாம். மீன்காரனும் ஓட்டலாம்."

வாசலோரம் பெண்களோடு நின்றிருந்த கிருஷ்ணவேணியின் குரல் வந்தது. "பசியோட வண்டி ஓட்டக் கூடாதுன்னு அதயும் எழுதுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கி ஆட்சேபணை யாரும் சொல்லாததால் இரண்டையும் எழுதினேன். என் முத்தான கையெழுத்தில் சபைத் தீர்மானப் புத்தகத்தில் இன்றைக்கும் இருக்கிறது: 'பசியோடு மோட்டார் சைக்கிள் ஓட்டுதல் கூடாது.' வேறெந்த ஊரிலும் இப்படி ஒரு சட்டம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் தெருமுனையில் இறங்கித் தள்ளாமல் வந்த மோட்டார் சைக்கிள்காரனைத் துரத்திப் பிடிப்பதே சங்கத்தின் முக்கிய வேலையாகிவிட்டது. சுதந்திரச் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு சட்டாம்பிள்ளை வேலை பார்க்கிறாயே என்று கேலி செய்வேன். "நம்ம ஆளுங்களே ஒழுங்கா இல்லன்னா அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது?" என்பான்.

1971 ஐப்பசியில் ஒரு சாயங்காலத்தைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நாலு நாளாக விடாத மழை. பாவு நீட்ட வழியில்லாமல் தெருவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் வெயில் எட்டிப் பார்த்ததும் காலை வேலையைச் சாயங்காலத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். ஐயம்பேட்டையில் ஒரு மோட்டார் வேலையை முடித்துவிட்டு வந்த ஸ்ரீபாலன் என்னை ஆபீஸ் வாசலில் ஏற்றிக்கொண்டான். அன்றைக்கும் மத்தியானச் சாப்பாடு இல்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. சட்டத்தை மீறிக்கொண்டுதான் வந்திருக்கிறாய் என்றேன்.

தெருமுனையில் வழக்கம்போல இறங்கி இன்ஜினை நிறுத்தினான். உள்ளே பார்த்தால் முனிரத்தினத்தின் பாவும் எதிர்வீட்டுப் பாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தெருவை அடைத்துக்கொண்டு முழுப் பட்டு. வண்டியைத் தள்ளக்கூட இடமில்லை. வண்டியை முனையில் போட்டுவிட்டு நடந்து போகலாம் என்றால், கேரியரில் ரிப்பேருக்கு ஏற்றிவந்த இன்னொரு மோட்டார் கட்டியிருந்தது. இரண்டு ஆள் தூக்கவேண்டிய கனம். நான் காவல் நிற்கிறேன் என்று சொல்லியும் அதை விட்டுப்போக அவனுக்கு மனம் வரவில்லை. மேற்கே சூரியன் வேப்பமரத்தின் கீழ்க்கிளைக்கு இறங்கிவிட்டது. அந்தக் கோடியில் அஞ்சனா தட்டோடு வாசலில் நின்றாள். அவள் எங்களைப் பார்க்கவில்லை, சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முனிரத்தினம் எங்களைக் கவனித்தார். "இன்னா நின்னுக்கினு கீறே?"

"பாவு எடுத்தப்புறம் வரேங்க."

"எடுக்க அரை மணி ஆவும். அதுக்குள்ள பொழுது பூடுமே."

"பரவால்ல. இன்னிக்கு ஒரு வேள இல்லன்னா இன்னா?"

முனிரத்தினம் வானத்தைப் பார்த்தார், அஞ்சனாவைப் பார்த்தார். பிறகு தெருவே அதிர ஒரு கத்துக் கத்தினார். "டேய், முளைக்கயித்த எளக்குங்கடா! எல்லாரும் கோலப் புடிங்க! தூக்குங்க மேல!"

வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். இந்தப் பாவுக்கு எட்டுப் பேர், அந்தப் பாவுக்கு எட்டுப் பேர். கவையிலிருந்து கோல்களை எடுத்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள். இடுப்பு உயரத்தில் இருந்த பட்டு ஆள் உயரத்துக்கு மேலே போயிற்று.

"ஏறு! ஏறி ஓட்டு!"

"பொக படுங்க" என்றான் ஸ்ரீபாலன்.

"அரக்குப் பாவுய்யா, உன் பொக ஒண்ணும் தெரியாது. ஏறு!"

"சட்டம் இருக்குது."

"சட்டம் போட்டவனே நாந்தான்! கை வலிக்குது, ஏறித் தொலைய்யா!"

ஸ்ரீபாலன் வண்டி அருகே போனான். போனவன் குனிந்தான். முன் சக்கரத்துக்கு அடியில் பார்த்தான், பின் சக்கரத்துக்கு அடியில் பார்த்தான். பதினாறு பேர் தலைக்குமேல் பாவைத் தூக்கிக்கொண்டு அவன் எறும்பு பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முனிரத்தினம் வாயில் வந்த வசவுகளை இங்கே எழுதமுடியாது. நானும் அவரோடு சேர்ந்துகொண்டேன்.

ஒருவழியாக உதைத்துக் கிளப்பினான். நான் பின்னால் ஏறி அவன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அரக்குப் பட்டு என் உச்சந்தலைக்கு ஒரு சாண் மேலே, கஞ்சி வாசனையோடு ஓடியது. இரண்டு சொட்டு என் பிடரியில் விழுந்தது. இன்ஜின் நிற்காமல் அந்தத் தெருவில் பாவுக்கு அடியில் ஒரு வண்டி போனது அந்த ஒரு தடவைதான். அவன் அழுதான் என்று முதுகு குலுங்கினதிலிருந்து தெரிந்துகொண்டேன். நான் அழவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

வாசலில் இறங்கியதும் அஞ்சனா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்துத் தட்டை முன்னால் வைத்தாள். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு தெருவைத் திரும்பிப் பார்த்தேன். வண்டி கடந்துபோன பிறகும் அவர்கள் பாவை இறக்கவில்லை. பதினாறு பேரும் கையைத் தூக்கியபடி எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வாயில வெச்சிட்டாரா?" என்று அந்தக் கோடியிலிருந்து முனிரத்தினம் கத்தினார்.

எட்டிப் பார்த்துவிட்டு, வைத்துவிட்டான் என்று கத்தினேன். அப்புறம்தான் கோல்களைக் கீழே இறக்கினார்கள்.